தேய்மானம் போட முடியாத மர ரயில்

காமர்ஸ் படிக்கும் எல்லோருக்கும் மனப்பாடமான கணக்கு ஒன்று உண்டு. ஒரு இயந்திரத்தின் அடக்க விலை இவ்வளவு. ஆயுள் இத்தனை வருடம். ஆயுள் முடிந்தபின் எஞ்சும் மதிப்பு இவ்வளவு. ஆண்டுத் தேய்மானம் காண்க! நிலைத் தவணை முறையில் போட்டுக்கொண்டே வந்தால், கடைசி வருடத்தில் அந்த இயந்திரம் ஏட்டில் காயலான் கடை விலைக்கு வந்து நிற்கும். விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டால் மார்க் வந்துவிடும். இயந்திரம் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது இதே கணக்கு, கொஞ்சம் வேறு மாதிரி.

இயந்திரம்: மரத்தால் கட்டிய ஒரு ரோலர் கோஸ்டர். இடம்: அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரம். கட்டிய காலம்: 1940-களின் பிற்பகுதி. அது நின்ற 'ப்ளேலேண்ட் பார்க்' என்ற பூங்கா 1980-இல் மூடப்பட்டுவிட்டது. ஓட்ட ஆள் இல்லை, ஏறவும் ஆள் இல்லை. பூங்கா மூடிய பிறகும் மரச்சட்டம் மட்டும் வருடக் கணக்கில் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அதைக் கட்டியபோது போட்ட வரைபடமும் கையில் இல்லை. இந்தச் சொத்தின் மதிப்பு என்ன?

பூஜ்யம் என்று எழுதினால் முழு மார்க். இன்னும் கெட்டிக்காரர்கள் 'பூஜ்யத்துக்கும் கீழே' என்று எழுதுவார்கள். பிரித்து அப்புறப்படுத்தவே காசு செலவாகுமே!

அந்தப் 'பூஜ்யம்' இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. சான் அன்டோனியோவில் அல்ல, அங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, பென்சில்வேனியா மாநிலத்தில் எலிஸ்பர்க் என்ற சின்ன ஊர் அருகே. 'அம்யூஸ்மென்ட் டுடே' என்ற பத்திரிகை வருடந்தோறும் வழங்கும் கோல்டன் டிக்கெட் விருதுகளில், 2018-இல் சிறந்த மர ரோலர் கோஸ்டராக முதலிடம் பெற்றது அதுதான். அதற்குப் பிறகும் பலமுறை அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. இப்போது அதன் பெயர் ஃபீனிக்ஸ். பொருத்தமான பெயர்தான்.

அப்படியானால் தேய்மானக் கணக்கு தப்பா? கணக்கு சரிதான். ஒரு பொருள் எவ்வளவு தேய்ந்தது என்று அது சரியாகவே சொல்லும். தேய்ந்ததை தினமும் யார் சரி செய்கிறார்கள் என்பதைத்தான் அது சொல்லாது. ஃபீனிக்ஸின் கதை முழுக்க அந்தச் சொல்லாத பகுதியில்தான் இருக்கிறது.

மரத்தில் எப்படி ரயில் ஓடும்?

ரோலர் கோஸ்டர் என்றதும் மனதில் வருவது வளைந்து நெளிந்து தலைகீழாகச் சுற்றும் இரும்புக் குழாய்கள்தான். அது பின்னால் வந்தது. 1959-இல் டிஸ்னிலேண்டில் திறந்த 'மேட்டர்ஹார்ன்' தான் குழாய் வடிவ எஃகுத் தடத்தில் ஓடிய முதல் ரோலர் கோஸ்டர். அதற்கு முன் பல பத்தாண்டுகள் இந்தத் தொழிலை ஆண்டது மரம். 1884-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் லமார்க்கஸ் தாம்ப்சன் என்பவர் ஒன்றைத் திறந்தார். ஒரு சவாரிக்குக் கட்டணம் 5 சென்ட். அங்கிருந்து வளர்ந்து 1920-களில் மர ரோலர் கோஸ்டர்கள் உச்சத்தில் இருந்தன. பிறகு பொருளாதாரப் பெருமந்தம் வந்தது, இரண்டாம் உலகப் போர் வந்தது. ஒவ்வொன்றாக இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

மர ரோலர் கோஸ்டரில் தாங்கி நிற்கும் சாரம் மரம். ரயில் ஓடும் தடமும் மரம்தான். பலகைகளை அடுக்கடுக்காக வைத்து இறுக்கி, மேலே சக்கரம் படும் இடத்தில் மட்டும் ஒரு எஃகுப் பட்டையை வைத்து முடுக்கிவிடுவார்கள். கோவில் தேரின் மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

சக்கரங்கள் மூன்று வகை. பாரத்தைச் சுமக்க மேலே ஒன்று. பக்கவாட்டில் விலகாமல் இருக்க ஒன்று. மூன்றாவது தடத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கும். ரயில் மேட்டின் உச்சியைத் தாண்டும்போது வானத்தில் பறந்துவிடாமல் பிடித்துக்கொள்வது இந்த மூன்றாவது சக்கரம்தான். ஜான் மில்லர் என்ற வடிவமைப்பாளர் 1919-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இது வந்த பிறகுதான் செங்குத்தான இறக்கங்கள் சாத்தியமாயின.

என்ஜின் கிடையாது. ஒரு சங்கிலி ரயிலை முதல் மேட்டின் உச்சிவரை இழுத்துச் செல்லும். 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம் வருமே, அது சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னால் சரியாமல் இருக்க வைத்த தடுப்புப் பற்களின் சத்தம். உச்சியில் சங்கிலி கைவிட்டுவிடும். அதற்கப்புறம் பூமியின் ஈர்ப்புதான் டிரைவர்.

இதில் முக்கியமான விஷயம், மரம் அசையும். ரயில் போகும்போது சாரம் முழுக்க இலேசாக ஆடும். முதல் முறை பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் அப்படி ஆடவேண்டும் என்றுதான் கட்டியிருக்கிறார்கள். ஆடாமல் விறைத்து நின்றால்தான் ஆபத்து. மழை பெய்தால் மரம் ஊறும், வெயிலில் சுருங்கும். காலையில் குளிர்ந்த சக்கரங்களோடு ஓடும் ரயில் வேறு, ராத்திரி சூடேறிய சக்கரங்களோடு ஓடும் ரயில் வேறு. அதனால்தான் திறக்கும் முன் தினமும் ஆட்கள் தடத்தின் மேலேயே நடந்து பார்க்கிறார்கள். எந்த ஆணி கிளம்பியிருக்கிறது, எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது, எந்தப் பலகை உளுத்திருக்கிறது என்று பார்ப்பது அவர்கள் வேலை. சீசன் முடிந்ததும் தேய்ந்த பகுதிகளைப் பிரித்துப் புதுப் பலகை போடுகிறார்கள். இப்படி ஒரு வேலை வருடந்தோறும், முடிவே இல்லாமல்!

இவ்வளவு தொல்லை பிடித்த ஒரு பொருளை, அதுவும் செகண்ட் ஹாண்டில், யார் வாங்குவார்கள்?

மரக்காரர்கள்

வாங்கியது கெனோபல்ஸ் என்ற பூங்கா. (ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் வரும் 'கே' என்ற எழுத்தையும் சேர்த்தே உச்சரிக்க வேண்டும். நோபல் பரிசுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது!) கெனோபல் என்பது அந்தக் குடும்பத்தின் பெயர். இன்றைக்கும் பூங்கா அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

அந்தக் குடும்பத்தின் பழைய தொழில் மரம் அறுப்பது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுடைய நிலத்தில் ஓடிய ஓடையில் குளிக்க, சுற்றுவட்டார மக்கள் குதிரை வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். ஹென்றி கெனோபல் குளிக்கிறவர்களிடம் காசு கேட்கவில்லை. வந்த குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டி, தீனி போட்டு, உடம்பு தேய்த்துவிட 25 சென்ட் வாங்கினார். வந்தவர்கள் நாள் முழுக்க நிம்மதியாக இருந்துவிட்டுப் போனார்கள். 1926-ஆம் வருடம் ஜூலை 4-ஆம் தேதி அதே இடத்தில் நீச்சல் குளம், ராட்டினம், உணவகம் என்று முறைப்படி பூங்கா தொடங்கியது.

'வரவன் சும்மா வரட்டும், வேண்டிய சேவைக்கு மட்டும் காசு' என்ற அந்தக் குதிரைக் கணக்கு இன்றுவரை மாறவில்லை. கெனோபல்ஸில் நுழைவுக் கட்டணம் கிடையாது. வண்டி நிறுத்தவும் கட்டணம் கிடையாது. எதில் ஏறுகிறீர்களோ அதற்குக் காசு. (நாள் முழுக்க ஏறி இறங்க நினைப்பவர்களுக்கு மொத்தமாகக் கட்டும் வழியும் உண்டு.)

1980-களின் நடுவில் அவர்களுக்கு ஒரு பெரிய மர ரோலர் கோஸ்டர் வேண்டியிருந்தது. கண்ணில் பட்டது சான் அன்டோனியோவில் அநாதையாக நின்ற 'ராக்கெட்'. அதன் பழைய பெயர் அதுதான். பிலடெல்பியா டொபோகன் கம்பெனிக்காக ஹெர்பர்ட் ஷ்மெக் வடிவமைத்தது. அந்தத் துறையில் பெரிய பெயர் அவர்.

வேலையைப் பொறுப்பேற்றவர் சார்லஸ் டின். 1979-இல் ஓஹியோ மாநிலத்தின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் 'தி பீஸ்ட்' என்ற பிரம்மாண்டமான மர ரோலர் கோஸ்டரைக் கட்டும் பணியை மேற்பார்த்தவர். வரைபடம் இல்லாததால் பிரிக்கும்போதே மரத்துண்டுகளுக்கு எண் போட்டு, எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொண்டார்கள். பழைய செட்டிநாட்டு வீட்டைப் பிரிக்கும்போது உத்தரத்துக்கும் தூணுக்கும் சுண்ணாம்பால் எண் போடுவது மாதிரி. லாரி லாரியாக மரம் பென்சில்வேனியா போய்ச் சேர்ந்தது. அங்கே எண் பார்த்து எண் பார்த்து மறுபடி கோர்த்தார்கள். 1985 ஜூன் 15 அன்று ரயில் ஓடிவிட்டது.

அறுத்த மரத்தைப் பார்த்தே வாழ்ந்த குடும்பம், வைரம் பாய்ந்த மரம் எது, உளுத்த மரம் எது என்று பார்த்தவுடன் சொல்லும். மற்றவர்களுக்குக் குப்பையாகத் தெரிந்தது அவர்களுக்குச் சரக்காகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. சான் அன்டோனியோவில் நின்ற மரமும் எலிஸ்பர்க்கில் நின்ற மரமும் ஒன்றுதான். மாறியது சொந்தக்காரர் மட்டும்தான். மதிப்பு பூஜ்யத்திலிருந்து உச்சிக்குப் போனது!

78 அடியில் என்ன இருக்கிறது?

உயரம் 78 அடி. நீளம் சுமார் 3,200 அடி. வேகம் மணிக்கு ஏறத்தாழ 72 கிலோமீட்டர். இன்றைய கணக்கில் இவை ஒன்றுமே இல்லை. 300 அடி, 400 அடி என்று எஃகு ரோலர் கோஸ்டர்கள் வந்து வருடங்கள் ஆகிவிட்டன. தலைகீழாகச் சுற்றும் வளையம் ஒன்றுகூட ஃபீனிக்ஸில் கிடையாது.

ஆனாலும் ஏறியவர்கள் மறுபடி வரிசையில் போய் நிற்கிறார்கள். ஏன்?

புறப்பட்டதும் ரயில் ஒரு நீண்ட இருட்டுச் சுரங்கத்துக்குள் நுழைகிறது. ஒன்றும் தெரியாது, பக்கத்தில் இருப்பவரின் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும். வெளியே வந்தால் சங்கிலி. உச்சி. இறக்கம். அதற்குப் பிறகு மேடு பள்ளம், மேடு பள்ளம் என்று போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பி வருகிறது. ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் ரயில் கீழே திரும்பும், உட்கார்ந்திருப்பவரின் உடம்பு மட்டும் இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும். அந்த ஒரு கணம் இருக்கையை விட்டு எழும்பி அந்தரத்தில் நிற்கும் உணர்வு வருகிறது. தடுப்பாக மடிக்கு மேலே குறுக்கே ஒரு கம்பி, அவ்வளவுதான். கடைசியில் வேகம் குறைந்து போயிருக்கும் என்று நினைக்கும் இடத்தில் சின்னச் சின்ன மேடுகள் வரிசையாக வந்து மறுபடி மறுபடி தூக்கிப் போடுகின்றன. குழந்தையை முழங்காலில் வைத்து ஆட்டும் தாத்தா, 'போதும்' என்று நினைக்கும்போது இன்னும் இரண்டு ஆட்டு ஆட்டுவாரே, அந்த மாதிரி.

பயமுறுத்துவது சுலபம். உயரத்தைக் கூட்டினால் போதும். சிரிக்கவைப்பதுதான் கஷ்டம். ஃபீனிக்ஸ் சிரிக்கவைக்கிறது.

இலவச வாசலும் ஒரு பொருளாதார வாத்தியாரும்

ஒரு பொழுதுபோக்குப் பூங்கா காசு வாங்க இரண்டு வழிகள் இருக்கின்றன. வாசலில் மொத்தமாக வாங்குவது ஒன்று. உள்ளே சவாரிக்குச் சவாரி வாங்குவது இன்னொன்று. டிஸ்னிலேண்ட் 1955-இல் தொடங்கிய காலத்திலிருந்து 1982 வரை சவாரிகளுக்குத் தனித்தனி டிக்கெட் வைத்திருந்தது. பிறகு வாசலிலேயே மொத்தமாக வசூலிக்கும் முறைக்கு முழுசாக மாறிவிட்டது. பெரிய பூங்காக்கள் அநேகமாக எல்லாமே இன்று அப்படித்தான்.

வால்டர் ஓய் என்ற பொருளாதார அறிஞர் 1971-இல் டிஸ்னிலேண்டைத் தலைப்பிலேயே வைத்து ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். போட்டியில்லாத ஒரு பூங்கா இந்த இரண்டு கட்டணங்களையும் எப்படி வைத்தால் அதிக லாபம் கிடைக்கும் என்பதுதான் கேள்வி. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆசை உள்ளவர்கள் என்றால், சவாரி விலையை அடக்கத்துக்கு வைத்துவிட்டு, அவர்களுடைய நுகர்வோர் உபரி முழுவதையும் வாசலிலேயே உருவிவிடலாம். ஆனால் வருகிறவர்கள் வேறு வேறு மாதிரி இருந்தால் அந்தச் சூத்திரம் அப்படியே செல்லாது. வாசல் விலையைக் குறைத்து, சவாரி விலையை ஏற்ற வேண்டிவரும்.

கெனோபல்ஸ் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பக்கத்தில் பென்சில்வேனியாவின் ஆந்த்ரசைட் நிலக்கரிப் பகுதி. ஒரு காலத்தில் கொழித்து, பிறகு சுரங்கங்கள் மூடி நொடித்துப்போன ஊர்கள். 1962-இல் பற்றிக்கொண்ட நிலத்தடித் தீயால் ஏறத்தாழ ஊரே காலியான சென்ட்ரேலியாவும் அந்தப் பக்கம்தான். பூங்காவுக்குள்ளேயே நிலக்கரிச் சுரங்கத் தொழிலுக்கு ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட ஊர்களிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது என்றால் பாட்டியும் வருவார், ஆறு மாதக் கைக்குழந்தையும் வரும், பத்துத் தடவை ரயிலில் ஏறத் துடிக்கும் பையனும் வருவான். வாசலில் தலைக்கு இவ்வளவு என்றால் பாட்டி வீட்டிலேயே இருந்துவிடுவார். வாசல் இலவசம் என்றால் பாட்டி ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, பேரன் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாடு மட்டும் வாங்குவார். அதுவும் வியாபாரம்தான்.

இதில் பாட்டிக்கு ஒரு நன்மை, அது தெரிந்ததே. அதிகம் பேர் கவனிக்காத இன்னொரு விஷயமும் இருக்கிறது. இலவச வாசல் ரோலர் கோஸ்டருக்கே நல்லது.

வாசலில் காசு வாங்கிவிட்ட பூங்காவுக்கு ஒரு வாடிக்கையாளர் இரண்டாவது தடவை ஏறினால் கூடுதலாக ஒரு பைசா வராது. வரிசைதான் நீளும். அந்தப் பூங்காவுக்கு வேண்டியது ஆளை வாசல்வரை இழுக்கும் விளம்பரம். 'உலகிலேயே உயரமானது', 'உலகிலேயே வேகமானது' என்று போர்டில் எழுத ஒரு வரி வேண்டும். அடுத்த வருடம் இன்னொருவன் பத்து அடி கூட்டிக் கட்டினால் அந்த வரி செத்துவிடும்.

சவாரிக்குச் சவாரி காசு வாங்கும் பூங்காவில் கதை வேறு. ஒருவர் இறங்கி வரும்போது முகத்தில் சிரிப்பு இருந்தால்தான் அடுத்த டிக்கெட். கழுத்தைத் திருகி முதுகை உடைத்து அனுப்பினால் அவர் காசோடு வீட்டுக்குப் போய்விடுவார். ஆகவே பலகையைச் சரிசெய்வது கருணையினால் மட்டும் அல்ல, கல்லாவுக்காகவும்தான். ஒவ்வொரு ரயிலும் ஒரு சின்னத் தேர்தல். தினமும் ஜெயிக்க வேண்டும்.

எதிர்த்தரப்பு

இதெல்லாம் பழசின் மேல் உள்ள மோகம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அவர்களுடைய பலமான உதாரணங்கள் இரண்டு. டெக்சாஸில் 1990-இல் திறந்த 'டெக்சாஸ் ஜயன்ட்', 143 அடி. ஓஹியோவின் சீடர் பாயின்ட்டில் 1991-இல் திறந்த 'மீன் ஸ்ட்ரீக்', 161 அடி. இரண்டுமே மரம். வருடங்கள் போகப் போக இரண்டும் உலுக்கி எடுக்கும் சவாரிகள் என்று பெயர் வாங்கின. முதலாவதை 2009-இல் மூடி, எஃகுத் தடம் போட்டு 2011-இல் திறந்தார்கள். இரண்டாவதை 2016-இல் மூடி, அதே மாதிரி மாற்றி 2018-இல் 'ஸ்டீல் வெஞ்சன்ஸ்' என்று திறந்தார்கள். ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஆக, மரத்தைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?

ஒரு வேடிக்கை: அந்த இரண்டு மர ரோலர் கோஸ்டர்களையும் கட்டியது, ஃபீனிக்ஸை இடம் மாற்றிய அதே சார்லஸ் டின்னின் நிறுவனம்தான். ஆளும் அதே, பொருளும் அதே. பிறகு ஏன் ஒன்று நிலைத்தது, மற்றவை தோற்றன?

அளவுதான் காரணம் என்று தோன்றுகிறது. உயரம் இரண்டு மடங்கானால் கீழே வரும்போது ரயில் சுமக்கும் ஆற்றலும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அத்தனையும் வளைவுகளில் பலகையின் மேல் அடியாக விழுகிறது. பலகை சீக்கிரம் தேயும், தேய்ந்த தடத்தில் ரயில் இன்னும் குலுங்கும், குலுங்கினால் இன்னும் தேயும். அதைத் துரத்திப் பிடிக்கும் அளவுக்கு ஆட்களை வைத்துக்கொள்ள வேண்டும். 'உயரமானது' என்று போர்டு எழுதக் கட்டியதைத் தினமும் பராமரிக்கும்போதுதான் விலை தெரிகிறது. தோற்றது மரம் இல்லை, மரத்தின் தலையில் ஏற்றிய பேராசை.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் சுவாரஸ்யம். 'பலகையை மாற்றிக்கொண்டே இருந்தால் அது பழைய ரோலர் கோஸ்டரே இல்லையே! பிறகென்ன பெருமை?' ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு இதற்கு விடை தெரியும். மழைக்கு முன் ஓடு மாற்றுவார்கள், கரையான் அரித்த கைமரத்தை மாற்றுவார்கள், திண்ணையைப் பூசுவார்கள். அறுபது வருடம் கழித்தும் அது 'தாத்தா கட்டிய வீடு' தான். யாரும் 'மாற்றப்பட்ட ஓடுகளின் தொகுப்பு' என்று சொல்வதில்லை. ஷ்மெக் போட்ட மேடு பள்ளங்களின் வரிசை அப்படியே இருக்கிறது. இறங்குபவரின் சிரிப்பும் அப்படியே இருக்கிறது.

மூன்றாவது ஆட்சேபம்தான் உறுத்துவது. சவாரிக்குச் சவாரி காசு என்றால், பையில் காசில்லாத குழந்தை ஒவ்வொரு வாசலிலும் ஏங்கி நிற்க வேண்டாமா? வேண்டும்தான். அதை மறுக்க முடியாது. எந்தக் கட்டண முறையிலும் யாரோ ஒருவர் வெளியே நிற்கிறார். வாசலில் மொத்தமாக வாங்கும் முறையில் அந்தக் குழந்தை மதிலுக்கு வெளியே நிற்கிறது, கண்ணில் படுவதில்லை. இலவச வாசல் முறையில் உள்ளே, ஓடைக்கரையில், குடும்பத்தோடு நிற்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

கணக்கில் வராதது

காமர்ஸ் பாடத்தில் செலவை இரண்டாகப் பிரிப்பார்கள். புதிதாக ஒரு சொத்து வாங்கினால் அது முதலினச் செலவு. இருப்புநிலைக் குறிப்பில் கம்பீரமாக உட்காரும். தேய்ந்த பலகையை மாற்றினால் அது வருவாயினச் செலவு. அந்த வருட லாபத்தில் கழிந்து காணாமல் போய்விடும். கிளம்பிய ஆணியை அறைந்த மனிதரின் கூலிக்கும் அதே கதிதான். வருடக் கடைசியில் இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்தால், நன்றாகப் பராமரித்த பழைய சொத்தும் பாழாய்ப் போன பழைய சொத்தும் ஒரே மதிப்பில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். வித்தியாசம் ஏட்டில் தெரியாது. ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.

இதனால்தான் நிர்வாகிகளுக்குப் புதிது வாங்குவது பிடிக்கிறது, பழையதைக் காப்பாற்றுவது பிடிப்பதில்லை. புதியதற்குத் திறப்பு விழா உண்டு, ரிப்பன் உண்டு, போட்டோ உண்டு. காலையில் தடத்தின் மேல் நடந்து ஒரு போல்ட்டை இறுக்கியவருக்கு என்ன விழா? அவர் வேலையைச் சரியாகச் செய்தார் என்பதற்கு ஒரே அடையாளம், அன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்பதுதான்.

கெனோபல்ஸுக்கு ஃபீனிக்ஸ் குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்லவும் முடியாது. டென்வரின் பழைய எலிட்ச் கார்டன்ஸ் பூங்காவில் ஜான் ஆலன் வடிவமைத்த 'மிஸ்டர் ட்விஸ்டர்' 1964-இலிருந்து ஓடியது. 1990-களில் அந்தப் பூங்கா வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்தபோது அது கைவிடப்பட்டது. அதைப் பெயர்த்துக் கொண்டுவர முடியாமல் போனதால், அதன் வடிவமைப்பை வைத்தே தங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றி, 1999-இல் 'ட்விஸ்டர்' என்று கட்டினார்கள். பிறகு 2006-இல் 'ஃப்ளையிங் டர்ன்ஸ்' என்ற பழைய வகை ஒன்றை ஆரம்பித்தார்கள். தண்டவாளமே இல்லாமல் மர வாய்க்கால் ஒன்றில் ஓடும் வண்டி அது. அதைத் திறக்க 2013 ஆகிவிட்டது. ஏழு வருடம்! எந்த எம்.பி.ஏ.வும் இதற்கு ஒப்புதல் கொடுத்திருக்க மாட்டார். 1913-ஆம் வருடத்து ராட்டினம் ஒன்றும் அங்கே இன்னும் சுற்றுகிறது. சுற்றும்போதே கை நீட்டி வளையம் பறிக்கலாம். பித்தளை வளையம் கிடைத்தால் ஒரு சவாரி இலவசம்.

இது எல்லோராலும் முடியாது என்பது உண்மை. பங்குச் சந்தைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதில் சொல்ல வேண்டிய நிறுவனம் ஏழு வருடம் பொறுக்காது. ஒரு குடும்பத்தின் கையில் இருந்ததால் முடிந்தது. ஆனால் 'எல்லோராலும் முடியாது' என்பதும் 'யாராலும் முடியாது' என்பதும் வேறு வேறு. 1980-இல் சான் அன்டோனியோவில் அந்த மரத்தைக் கடந்து போனவர்கள் இரண்டாவதைத்தான் நினைத்திருப்பார்கள்.

அடுத்த பரீட்சையிலும் அதே கணக்கு வரும். அடக்க விலை, ஆயுள், எஞ்சும் மதிப்பு. தேய்மானம் காண்க! தாராளமாகப் போடுங்கள், மார்க் முக்கியம் :-) ஆனால் 'ஆயுள்' என்று கொடுத்திருக்கும் அந்த எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். அது இயந்திரத்தின் ஆயுள் இல்லை. அதைப் பார்த்துக்கொள்கிறவர்களின் பொறுமை எத்தனை வருடம் என்பதுதான் அது.

பென்சில்வேனியாவில் ஒரு பாட்டி காசு கொடுக்காமல் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இருட்டுச் சுரங்கத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வரும். சான் அன்டோனியோக்காரர்கள் 1940-களில் சிரித்த அதே மேடு பள்ளம்தான். அதை எந்தப் பத்தியில் பதிவது என்று கேட்டால் எந்த ஆடிட்டருக்கும் தெரியாது.